ரத்தத்தில் இறங்கிய எண்

என் வீட்டுக்காரருக்கு நுரையீரலில் காசம். நோய் அடங்க அடங்க ரத்தத்தில் ஒரு நொதியின் அளவு இறங்கும் என்று சொல்லி, மருத்துவர் அதையும் அவ்வப்போது சோதித்து வந்தார். சளி வருவதே நின்றுவிட்டது என்று இவர் சாதித்ததால் ரத்தத்தைத்தான் நம்ப வேண்டியிருந்தது. எண்ணும் சமர்த்தாக இறங்கியது. இருமல் மட்டும் இறங்கவில்லை.

மாத்திரையை என் கண்ணெதிரேதான் வாயில் போடுவார். உடனே முகம் கழுவப் போய்விடுவார். கல்யாணத்தன்றே முகம் கழுவாமல் வந்து நின்ற மனிதர் இவர்.

ரத்தம் கொடுக்கக் கொழுந்தனைத்தான் கூட்டிப்போவார். அண்ணனும் தம்பியும் மோட்டார் காயில் கட்டும் கடையில், ஜன்னலில்லாத ஓர் அறையில், தோள் இடிக்க உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள். நானும் வருகிறேன் என்றால் மட்டும் மழுப்புவார். இந்த முறை போய்வந்ததும் கொழுந்தன் சட்டைக் கையை மடித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். முழங்கை மடிப்பில் வட்டமாக ஒரு பிளாஸ்திரி. இவர் கையில் ஒரு புள்ளி கூட இல்லை.

கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று மறுநாள் இருவரையும் மருத்துவரிடம் இழுத்துப் போனேன். திட்டுவதற்கு வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டே போனேன்.

மருத்துவர் முடிவைப் பார்த்து முகம் சுளித்தார். "ரெண்டு தடவை நார்மலா இருந்துச்சு. இப்ப திடீர்னு ஏறியிருக்கு. மாத்திரையை விட்டுட்டீங்களா?"

வாந்தி வருகிறதென்று மாத்திரையைத் துப்பியதையும் இவர், என் வாய்க்குப் பயந்து மூன்று முறையும் தம்பியை ரத்தம் கொடுக்க வைத்ததையும் ஒப்பித்தார். ரத்தம் எடுக்கும் ஜன்னலில் சீட்டைத்தான் பார்த்தார்களாம், ஆளைப் பார்க்கவில்லையாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் மருத்துவர் இவரைப் பார்க்கவேயில்லை. அவர் பார்வை கொழுந்தன் மேல் இருந்தது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஏறியிருப்பது அவனுடைய எண்.

"இதை மட்டும் வெச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது," என்றார் மருத்துவர். "ரெண்டு பேரும் இன்னைக்கே சளி கொடுங்க, எக்ஸ்ரே எடுங்க. தம்பி, உங்களுக்கு இருமல் இருக்கா?"

கொழுந்தன் என்னைப் பார்க்காமலே பதில் சொன்னான். "கொஞ்சம் இருக்கு சார். ராத்திரியில சட்டை நனையுற மாதிரி வேர்க்குது. சொன்னா அண்ணிகிட்ட அண்ணன் மாட்டிக்குவாரேன்னுதான் சொல்லல."