வாயால் கொடுத்த பட்டறை

அண்ணன் கூட்டிக்கொண்டு வந்த தரகர் பட்டறையைச் சுவர் சுவராக நாடா பிடித்து அளந்துகொண்டே வந்தார். அவள் ஒரு தையல் மெஷினைக் கவிழ்த்துப் போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். அவள் உட்கார்ந்திருந்த முக்காலி வழியில் இருந்தது.

"காலைக் கொஞ்சம் தூக்கிக்குங்கம்மா, நாடா போகணும்" என்றார் தரகர்.

அவள் காலைத் தூக்கவில்லை. நாடாவைப் பிடுங்கித் தெருவில் எறிந்தாள். எண்ணெய்க் கையின் தடம் தரகரின் சட்டைக் கையில் விழுந்தது. அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் சுவரைப் பார்த்தான்.

அப்பா இறந்துபோய் இன்னும் வீட்டில் அவருடைய துணிமணிகளைக்கூட எடுத்துவைக்கவில்லை. கீழே தையல் மெஷின் ரிப்பேர் பட்டறை, மேலே வீடு என்று அவர் கட்டிய கட்டடம் அது. பள்ளிக்கூடம் முடித்த கையோடு அவருக்கு ஒத்தாசையாக வந்து உட்கார்ந்தவள், தலையில் நரை விழுந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியதிலிருந்து எல்லா வேலையும் அவள் தலையில்தான். துணிக் கம்பெனிகளுக்குப் போய்ப் பெரிய மெஷின்களைப் பிரித்து மாட்டுவதும் அவள்தான். தெருவில் அவளை எல்லோரும் மெஷின்காரி என்றே சொல்வார்கள். அண்ணன் படித்து, வேறு ஊரில் வேலை கிடைத்து, அங்கேயே குடும்பமாகிவிட்டவன்.

"பட்டறை உனக்குத்தான்" என்று அப்பா சொல்லாத நாள் கிடையாது. வாடிக்கைக்காரர்களிடம் சொல்வார், டீக்கடையில் சொல்வார், அண்ணனிடமே போனில் சொல்லியிருக்கிறார். எழுதி வையுங்கள் என்று அவள் கேட்டால் மட்டும் காது கேட்காது. ஒருதடவை நச்சரித்து வக்கீல் வீட்டு வாசல்வரை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். செருப்பைக் கழற்றக் குனிந்தவர் அப்படியே நிமிர்ந்தார்.

"என்னை எப்ப அனுப்பலாம்னு பாக்கிறியா? உயில் எழுதினவன் எவன் நல்லா இருந்திருக்கான்?"

"எழுதாதவங்க மட்டும் சாகாம இருக்காங்களா?"

அதற்குப் பிறகு ரொம்ப நாள் அவர் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளும் விட்டுவிட்டாள். ஒரு மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவப் போனவர் அங்கேயே சரிந்தார்.

தரகர் நாடாவைப் பொறுக்கிக்கொண்டு போனதும் அண்ணன் நிதானமாகத்தான் பேசினான். அம்மா, தான், அவள் மூன்று பேருக்கும் சட்டப்படி பங்கு இருக்கிறது என்றான். தனக்கும் குடும்பம் இருக்கிறது என்றான்.

"அப்பா சொன்னது உன் காதுல விழலையா?" என்று கேட்டாள்.

"விழுந்துச்சு. இல்லேங்கலை. எழுதி வெச்சிருந்தா ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன் பாப்பா. எழுதலையே. கடைசியில மனசு மாறிக்கூட எழுதாம விட்டிருக்கலாம், இல்லையா?"

அந்தக் கடைசிப் பேச்சுதான் அவளைச் சுட்டது. அண்ணனைத் திட்ட வாயெடுத்தவளுக்கு, திட்டு முழுவதும் அப்பா பக்கம் திரும்பியது. இப்படி ஒருவன் கேட்க இடம் வைத்துவிட்டுப் போனாரே, பாவி மனுஷன்.

வக்கீல் கைவிரித்தார். தெருவே திரண்டு வந்து சாட்சி சொன்னாலும் வாய்ப்பேச்சில் கட்டடம் கைமாறாது என்றார். அண்ணனுக்கு அவன் பங்கைக் கொடுத்து விலக்கிவிட அவளிடம் வசதி இல்லை. வேறு வழி இல்லாமல் கட்டடம் விலைபோனது. அவள் பின்தெருவில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து மெஷின்களை ஏற்றி இறக்கினாள். அம்மா தன் பங்கில் பக்கத்திலேயே ஒரு சின்ன வீடு வாங்கினாள். இருவரும் அங்கே குடிபோனார்கள்.

புது வீட்டுக்கு வந்த அன்றே அவள் அம்மாவிடம் உயில் பேச்சை எடுத்தாள். அம்மா பாத்திரத்தை அடுக்கிக்கொண்டே, "ரெண்டு பேரும் என் பிள்ளைங்க. எனக்கப்புறம் நீங்களே பேசித் தீத்துக்குங்க" என்றாள்.

அவளுக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

"எதைத் தீத்துக்கறது? அவரும் இப்படித்தானே போனார்? எல்லாத்தையும் அவனுக்கே குடும்மா, எனக்கு ஒண்ணும் வேணாம். ஆனா எழுதிட்டுக் குடு. உன் மனசுல என்ன இருந்துச்சுன்னு நாங்க ஒருத்தர் கழுத்தை ஒருத்தர் பிடிச்சுத் தேட முடியாது."

சில நாள் இருவரும் சாப்பாட்டுத் தட்டை வைக்கும் சத்தத்தில்தான் பேசிக்கொண்டார்கள். பிறகு ஒரு காலை அம்மா வெளியே போகும் புடவையைக் கட்டிக்கொண்டு, நீ வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனியாக வக்கீலைப் பார்க்கப் போனாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனையும் வரவழைத்தாள். இருவரையும் எதிரில் உட்காரவைத்து, உயிலில் எழுதியதைச் சொன்னாள். வீட்டில் முக்கால் பங்கு மகளுக்கு, கால் பங்கு மகனுக்கு.

தனக்கு ஏன் கால் பங்கு என்று அண்ணன் கேட்டான். பட்டறையை விற்கவைத்தவனுக்கு அந்தக் கால்தான் எதற்கு என்று அவள் கேட்டாள்.

"அவ என்னோட இருந்து என்னைப் பாத்துக்கறா. நீயும் நான் பெத்தவன்தான்" என்றாள் அம்மா. "கோவப்படறதுன்னா இப்பவே படுங்க. உயிரோட இருக்கேன், என்னையே கேளுங்க."

கேட்டார்கள். சாயங்காலம்வரை கத்தினார்கள். சின்ன வயசில் யாருக்குப் புதுச்சட்டை எடுத்தாய் என்பதுவரை வந்தது. அம்மா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். சிலதற்கு அழுதாள், ஆனால் எழுதியதை மாற்றவில்லை. அண்ணன் சாப்பிடாமலே கிளம்பினான். வாசலில் நின்று, "வர்றேம்மா" என்று மட்டும் சொன்னான்.

இப்போது அவன் அம்மாவைப் பார்க்க வந்துபோகிறான். தங்கையிடம் அளந்துதான் பேசுகிறான், அவளும் அப்படித்தான். அந்த வீட்டைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை, பேச ஒன்றும் மிச்சமில்லை.

போன வாரம் பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் பழுதான மெஷினோடு பின்தெரு அறையைத் தேடிப்பிடித்து வந்தார். இடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, உங்கப்பா தங்கமான மனுஷன் என்றார்.

"ஆமா. ஒரு கையெழுத்துப் போடத்தான் வலிச்சது அவருக்கு" என்றாள். பிறகு மெஷினை எப்போது எடுத்துப்போக வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். குரலில் இருந்த கோபத்தை அவள் மறைக்கவில்லை.