முப்பத்திரண்டு நாடுகள்

மாப்பிள்ளை பேசத் தொடங்கி வெகுநேரம் ஆகியிருந்தது. இடையில் ஒரு தடவைகூட மாமனார் குறுக்கே வரவில்லை. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவன் கண்டிராத அதிசயம் அது. அந்தத் தெம்பில், இத்தனை வருஷமாக விழுங்கி விழுங்கி வைத்திருந்ததையெல்லாம் கொட்டிக்கொண்டிருந்தான்.

"கோவிச்சுக்காதீங்க மாமா. உங்களாலதான் வேலை கிடைச்சது, உங்க வீட்லதான் இருக்கோம். ஒண்ணையும் மறக்கல. ஆனா என்னால முடியல மாமா. என் சிநேகிதன் கடலோரமா ஒரு ஊர்ல கடை பாத்து வெச்சிருக்கான். பழைய மெஷினை எல்லாம் ரிப்பேர் பண்ற கடை. ரெண்டு பேரும் சேந்து நடத்தப் போறோம். உங்க பொண்ணும் சரின்னுட்டா. கேட்டா நீங்க கத்துவீங்கன்னுதான் இத்தனை நாள் சொல்லல."

மாமனார் கண்ணை மூடித் தலையணையில் சாய்ந்திருந்தார். மற்றவர் பேசும்போது கண்ணை மூடிக்கொள்வது அவர் வழக்கம். தூக்கமில்லை அது. எதிராளி எங்கே தப்பு விடுவான் என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். தப்பு வந்ததும் கண் திறக்கும். ஏ.சி. ரிமோட் அவருடைய வலது கைக்கு அடியில் கிடந்தது.

"கம்பெனிய நான் குறை சொல்லல மாமா. முப்பது நாட்டுல விக்கிற கம்பெனி..."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். முப்பத்திரண்டு. முப்பத்திரண்டு நாடு, ஐந்து தொழிற்சாலை. இந்த வீட்டில் குழந்தைகள் அம்மா அப்பா சொல்லப் பழகும் முன்பே இதைச் சொல்லப் பழகியிருந்தார்கள். தலையைக் குனிந்து திட்டுக்குக் காத்திருந்தான். திட்டு வரவில்லை.

"முப்பது நாட்டுல," என்றான் மறுபடியும், கொஞ்சம் சத்தமாக.

கண் திறக்கவில்லை.

மெல்ல எழுந்து அவருடைய கையைத் தொட்டான். வீடு இருபத்தாறு டிகிரியில் இருந்தது. கையும் ஏறக்குறைய அந்தச் சூட்டுக்கு வந்துவிட்டிருந்தது.

அழுகை வரவில்லை. முதலில் வந்தது ஏமாற்றம். தனியாக ஒத்திகை பார்த்து, வார்த்தை வார்த்தையாகக் கோத்து வைத்திருந்ததை ஒரு வழியாகச் சொல்லி முடித்தால், கேட்க ஆளில்லை. பிறகு, இனி இதை இவரிடம் சொல்ல வேண்டியதில்லை என்று ஒரு நிம்மதி வந்தது. அது வந்த வேகத்தைப் பார்த்து அவனுக்கே வெட்கமாகப் போயிற்று.

கதவைத் திறந்துகொண்டு மனைவி எட்டிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"அப்பா என்ன சொன்னார்?"

அவன் கட்டிலை விட்டு நகர்ந்து நின்றான்.

*

மாமனாரைத் தெருவில் எல்லோரும் 'கம்பெனி' என்றுதான் சொல்வார்கள். 'கம்பெனி வீடு எது' என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கையைக் காட்டும். சூடாக்கவும் குளிரூட்டவும் செய்யும், மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் இயந்திரங்கள் செய்கிற கம்பெனியில் இருந்தார். பார்க்க வருகிறவர்களைச் சுற்றிக் காட்டி, கம்பெனியின் வரலாற்றை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பதுதான் அவருக்கு வேலை. ஓய்வு பெற்றும் ஓயவில்லை. பெரிய ஆள் யாராவது வந்தால் கார் அனுப்பிக் கூட்டிப்போவார்கள். யாரும் வராத நாட்களில் பால்காரர், பல் டாக்டர், இதயத்தைச் சோதித்த டாக்டர் என்று கிடைத்தவரை உட்காரவைத்து ஆரம்பித்துவிடுவார்.

"குளிர்னு ஒண்ணு கிடையாது சார். சூட்டை நாங்க அழிக்கிறதும் இல்ல, உண்டாக்குறதும் இல்ல. இங்கேருந்து அங்க தள்றோம், அவ்வளவுதான். ஒரு பங்கு கரண்ட், நாலு பங்கு வேலை. முப்பத்திரண்டு நாடு..."

சொன்னதை வீட்டிலும் செய்து காட்டினார். கூடத்துச் சுவரில் கம்பெனி மெஷின் ஒன்று இருபத்தாறில் ஓடியது. ஒரு புள்ளி கூட்டவோ குறைக்கவோ யாருக்கும் உரிமையில்லை. குளிர் வெளியே போகக்கூடாது என்று வீட்டிலிருந்த அத்தனை ஜன்னல் விளிம்பிலும் தன் கையாலேயே சிலிகான் பசை வைத்து அடைத்துவிட்டார். வாசல் கதவு ஒன்றுதான் திறக்கும். அதையும் திறந்த கையோடு மூட வேண்டும்.

மாப்பிள்ளைக்குத் தொழிற்சாலையில் கசிவு பார்க்கும் வேலை. குழாய்களைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வருகிறதா என்று நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். குமிழி வந்தால் அடைக்க வேண்டும். அதை முடித்துவிட்டு, குமிழிகூட வராத வீட்டுக்குத் திரும்பி வருவான். மாமியார் வீடு என்று ஜெயிலுக்கு எவனோ பேர் வைத்தானே, அவனும் வீட்டோட மாப்பிள்ளையாகத்தான் இருந்திருப்பான் என்று சிநேகிதனிடம் சொல்லிச் சிரித்திருக்கிறான். ஒரு தடவை மாமனாரிடமே கேட்டான்: "ஒரே ஒரு ஜன்னலையாவது விட்டு வெச்சிருக்கலாமே மாமா?" அவர் கண்ணைத் திறந்து, "கசிவு பாக்குற ஆளு பேசுற பேச்சா இது?" என்றார்.

*

மனைவியின் தங்கை விமானத்தில் வர வேண்டியிருந்ததால், உடலை வைக்கக் கண்ணாடி போட்ட குளிர்பெட்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்து கூடத்தில் இறக்கினார்கள். அரதப் பழசு. கம்பெனி பார்த்திருந்தால் எழுந்து உட்கார்ந்து திட்டியிருப்பார். உள்ளே அவரைச் சில்லென்று வைத்துக்கொண்டு, அவரிடமிருந்து உருவிய சூட்டையெல்லாம் கால்மாட்டு வழியாகக் கூடத்துக்குள் ஊதியது. வந்த கூட்டத்தின் சூடு வேறு. அடைத்த ஜன்னல்களுக்கு நடுவில் சுவரிலிருந்த மெஷின் தன்னால் ஆனமட்டும் மூச்சு வாங்கியது.

"அந்த ஏசியக் கொஞ்சம் கூட்டி வைங்களேன், வேர்த்துக் கொட்டுது," என்றாள் பக்கத்து வீட்டு அம்மாள்.

மாமியார் பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். ரிமோட் அவள் பிடியில் இருந்தது. "இருபத்தாறுதான்," என்றாள். அதோடு சரி.

மனைவியின் பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒருபக்கமாகச் சரிந்தார். யாரோ தண்ணீர் தெளித்தார்கள், யாரோ விசிறினார்கள். "காத்து வரட்டும், தள்ளுங்க" என்று நாலு பேர் கத்தினார்கள். காற்று எங்கிருந்து வரும்? மாப்பிள்ளை சமையலறைக்குப் போய்க் காய் நறுக்கும் கத்தியை எடுத்து வந்தான். தெருப்பக்கத்து ஜன்னலின் விளிம்பில் குத்தி மேலிருந்து கீழாக இழுத்தான். மாமனார் வைத்த சிலிகான், சும்மா சொல்லக்கூடாது, சதை மாதிரி பிடித்துக்கொண்டிருந்தது. நாலு பக்கமும் அறுத்து, தோளைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளினான்.

ஜன்னல் திறந்தது. தெருவின் புழுதியும் எங்கோ எதுவோ பொரிகிற வாசனையும் உள்ளே வந்தன. பெரியப்பா கண் விழித்து, "சாப்பாடு ஆச்சா?" என்று கேட்டார். துக்க வீடென்பதையும் மறந்து ரெண்டு பேர் சிரித்துவிட்டார்கள். மாப்பிள்ளை ஜன்னலிலேயே நின்று நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து விட்டான். நல்ல காற்றொன்றும் இல்லை, லாரிப் புகைதான். ஆனால் அவனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பார்த்தவர்கள் மாமனாருக்காக என்று நினைத்துக்கொண்டார்கள்.

சட்டைப் பையில் போன் அடித்தது. சிநேகிதன்.

"விஷயம் கேள்விப்பட்டேன்டா. இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான். கடை ஓனர் இனி காத்திருக்க மாட்டேங்கிறார். வேற ஆளு ரெடியா நிக்கிறானாம். சாயந்திரத்துக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடு. இல்லன்னா கை நழுவிடும்."

"சொல்றேன். சாயந்திரம் பேசு. எடுக்கிறேன்."

"வருவல்ல?"

"வரேன்டா," என்றான். வெளியே பார்த்துக்கொண்டே சொன்னதால் சுலபமாக வந்தது.

*

கம்பெனி மேலாளர் மாலையோடு வந்தார். கூட வந்த ரெண்டு பேர் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தடுமாறினார்கள். பெட்டிமேல் மாலையை வைத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி நாலு வார்த்தை பேசினார் மேலாளர்.

"சார் எங்க கம்பெனிக்கு ஒரு முகம் மாதிரி. நாங்க இன்னிக்கு முப்பது நாட்டுல இருக்கோம், நாலு ஃபாக்டரி நடத்துறோம்னா, அதுல சாரோட..."

"முப்பத்திரண்டு சார். ஃபாக்டரி அஞ்சு."

யார் சொன்னது என்று எல்லோரும் திரும்பினார்கள். யார் சொன்னது என்று மாப்பிள்ளையும் ஒரு கணம் தேடினான். தன் வாய்தான் என்று அப்புறம்தான் தெரிந்தது.

மேலாளர் சங்கடமாகச் சிரித்தார். "ஆமாமா, முப்பத்திரண்டு. இத்தனை நாள் எங்கப்பா இருந்தீங்க நீங்க? கசிவு டிபார்ட்மென்ட்தானே? அடுத்த வாரம் வெளிநாட்டு ஆளுங்க வராங்க. சுத்திக் காட்ட ஆளில்லாம முழிக்கிறோம். காரியமெல்லாம் முடியட்டும், வந்து பாருங்க."

மாமியார் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து ஒரு சொட்டு விடாமல் பிடித்து வைத்திருந்த அழுகை இப்போதுதான் உடைந்தது. கையை நீட்டி அவனை அழைத்தாள். குனிந்தவனின் உள்ளங்கையில் ரிமோட்டை வைத்து விரல்களை மூடினாள்.

"நீங்க இருக்கீங்க மாப்ள. அது போதும் எனக்கு," என்றாள்.

அவன் மனைவியைத் தேடினான். அவள் சுவரோரம் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'நாளைக்குச் சொல்லிடுங்க, இன்னும் எத்தனை நாள் இப்படி வெந்து சாகுறது' என்று நேற்றுச் சொன்னவள் அவள்தான். சாமான்களைக்கூட மனசுக்குள் கட்டி வைத்திருந்தாள்.

மத்தியானத்துக்கு மேல் தங்கை வந்து சேர்ந்தாள். பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது ஓய்ந்ததும் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "அம்மா எப்படிக்கா தனியா இருப்பா? நானும் அவ்வளவு தூரத்துல கிடக்கேன். நீங்களும் எங்கேயோ போகப் போறதா சொன்னியே?"

எல்லோர் காதிலும் அது விழுந்தது. மாமியார் தலை நிமிர்ந்தாள். "எங்க போறீங்க?" என்று கேட்டாள், சின்னப் பிள்ளை கேட்பதுபோல.

"நாங்க எங்கயும் போகலம்மா," என்றாள் மனைவி. "இவ கெடக்கா, எதையாவது உளறுவா. நாங்க இங்கதான் இருப்போம்."

சொல்லி முடித்த பிறகுதான் கணவனைப் பார்த்தாள். கோபமாகப் பார்ப்பான், முகத்தைத் திருப்பிக்கொள்வான் என்று அவள் தயாராக இருந்த மாதிரி தெரிந்தது. அவனுக்குக் கோபம் வரவில்லை. அவள் இடத்தில் நின்றால் அவனும் அதைத்தான் சொல்லியிருப்பான். ஆப்பசைத்த குரங்கு ஆப்பை நொந்து என்ன பண்ண? தலையை மட்டும் ஆட்டினான்.

*

எடுத்துக்கொண்டுபோய் முடித்துவிட்டுத் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. குளிர்பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். கூட்டமும் கலைந்துவிட்டது. பெட்டி இருந்த இடத்தில் தரை கழுவின ஈரம் காயாமல் இருந்தது. மாமியார் மெஷினுக்கு நேர் கீழே, தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, திறந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குளிரெல்லாம் வெளியே போகுது மாப்ள," என்றாள். "அவர் இருந்தா விட்டிருக்க மாட்டார்."

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நாளைக்குப் பாத்துக்கலாம்மா" என்றோ என்னவோ. அதற்குள் மாப்பிள்ளை எழுந்துவிட்டான்.

சிலிகான் குழாய் மாமனாரின் அலமாரியில், அவர் வைத்த இடத்திலேயே இருந்தது. பாதி தீர்ந்த குழாய் காய்ந்துபோகாமல் இருக்க மூக்கில் ஓர் ஆணி சொருகியிருந்தார். அவன் ஜன்னலை இழுத்துச் சாத்தினான். காலையில் அறுத்த பழைய பட்டையை உரித்துப் போட்டு, விளிம்பைத் துடைத்தான். ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் எடுத்துவைத்துக்கொண்டு ஆணியைப் பிடுங்கினான்.

மாமனார் செய்வதை எத்தனையோ தடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான். மூலையில் ஆரம்பித்து பசையை ஒரே கனத்தில் விட வேண்டும். பிறகு கட்டைவிரலைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். "நடுவுல கையை எடுத்தியோ, கோடு விழும். கோடு விழுந்த இடத்துல கசியும்," என்பார்.

முதல் மூன்று பக்கமும் முடிந்தன. நாலாவது பக்கத்தின் மேல்மூலையில் விரலை வைத்து இறக்கத் தொடங்கியபோது சட்டைப் பையில் போன் அடித்தது.

"என்னங்க, போன்," என்றாள் மனைவி.

விரல் கண்ணாடியின் பாதி உயரத்தில் இருந்தது. போன் விடாமல் அடித்தது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கையை எடுக்காமல், கீழ்மூலை வரைக்கும் ஒரே சீராக இழுத்துக்கொண்டு போனான்.