வண்டிக்குக் கட்டிய கீற்று

"ஓடுற வண்டிதான் அண்ணே. ஓடலன்னு நான் சொன்னேனா?" என்றான் தோய்.

பழைய மோட்டார் சைக்கிள்களை வாங்கி விற்பவன் அவன். ஆனால் கியெம் கொண்டுவந்து நிறுத்திய வண்டியின் மீது அவன் கைகூட வைக்கவில்லை. கியெமுக்கு அதுதான் உறைத்தது. வாழ்நாள் முழுக்க ஆற்றுச் சந்தையில் படகில் வைத்துச் சரக்கு விற்ற மனிதர் அவர். வாங்க நினைக்கிறவன் முதலில் பொருளைத் தொடுவான், அழுத்திப் பார்ப்பான், பிறகு முகத்தைச் சுளித்துக் குறை சொல்ல ஆரம்பிப்பான். குறை சொல்ல ஆரம்பித்துவிட்டால் பாதி வியாபாரம் முடிந்த மாதிரி. தோய் ஒரு குறையும் சொல்லவில்லை. நல்ல வண்டி, நல்ல வண்டி என்று சொல்லிக்கொண்டே கடைக்குள் பார்த்தான். அங்கே மூன்று வரிசையில் வண்டிகள் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றன. சைகோன் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஆட்களைக் குறைத்துவிட்டார்கள். ஊர் திரும்பிய பிள்ளைகள் முதல் வேலையாக விற்றுத் தின்றது வண்டியைத்தான்.

"வாங்க ஒருத்தன் வந்தா விக்க ஒம்போது பேர் வர்றான். இருக்கிறதத் தொடச்சு வெக்கவே எனக்கு நேரம் இல்ல. வருஷப் பொறப்பு வரட்டும் அண்ணே, பாப்போம்."

"வருஷப் பொறப்புக்கு இன்னும் அரை வருஷம் கெடக்கே தம்பி."

"அதான் நானும் சொல்றேன்" என்று தோய் சிரித்தான். அந்தத் தெருவில் இருந்த மற்ற கடைகளிலும் இதே பதில்தான், சிரிப்புதான் கொஞ்சம் கூடக்குறைய இருந்தது.

வண்டியை விற்றே ஆகவேண்டும். படகின் எஞ்சின் மழைக்கு முன்பே உயிரை விட்டுவிட்டது. பிரித்துப் பார்த்த மெக்கானிக், இதற்குச் செலவழிப்பதும் பணத்தை ஆற்றில் போடுவதும் ஒன்று என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். எஞ்சின் இல்லாமல் மேலே தோட்டங்களுக்குப் போய்ச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஏற்றிவர முடியாது. ஏற்றிவராமல் சந்தையில் நிற்க முடியாது. சந்தையில் நிற்காத படகு கரையோரம் கட்டிப்போட்ட வெறும் கட்டைதான். பழைய எஞ்சின் ஒன்று விலைக்கு வந்திருந்தது. அதற்கு ஈடாக விற்பதற்கு அவரிடம் இருந்தது அந்த வண்டி ஒன்றுதான்.

மகள் குயென் கரையில் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தபோது வாங்கியது. அவளுக்குக் கல்யாணமாகி சைகோனுக்குப் போனபிறகு வண்டி மனைவி லாயின் கைக்குப் போனது. லாய் அந்த வயதில் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டதைப் பார்க்கப் படித்துறையில் கூட்டம் கூடியது. இரண்டு தடவை விழுந்தாள், முழங்கால் தோல் வழன்றது, உட்கார்ந்து சிரித்தாள், மறுபடியும் ஏறினாள். அதன்பிறகு விடியற்காலையில் படகிலேயே கிழங்கை அவித்து, இரண்டு கூடைகளில் அடுக்கி, வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு கன்தோ நகரத்து ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய் விற்றுவிட்டு வருவாள். அவளுடைய கைச்செலவுக்கு ஆயிற்று என்று கியெம் நினைத்துக்கொண்டிருந்தார். எஞ்சின் நின்று இத்தனை நாளாகத் தட்டில் விழுகிற சோறு எங்கிருந்து வருகிறது என்று அவர் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் யோசிக்காதது மாதிரி இருந்திருப்பார்.

"வண்டிய வித்துடலாம்னு இருக்கேன்" என்று அவர் சொன்ன அன்று லாய், "சரி" என்றாள். அத்தோடு சரி. மறுநாள் பல் விளக்கும் பிரஷ்ஷால் சக்கரத்துக் கம்பிகளின் சேற்றை ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நல்ல விலை போகட்டும் என்றுதான் தேய்க்கிறாள் என்று அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

கடைகள் கைவிட்டதும் ஆற்று வழியையே நம்பினார். இந்தச் சந்தையில் யாரும் கூவி விற்பதில்லை. எஞ்சின் சத்தத்தில் கூவினால் யாருக்குக் கேட்கும்? ஒவ்வொரு படகின் மூக்கிலும் ஒரு நீள மூங்கில் கம்பம் நிற்கும். எது விற்பனைக்கோ அதைக் கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டால் போதும். பரங்கிக்காய் தொங்கினால் பரங்கிக்காய், முள்ளங்கி தொங்கினால் முள்ளங்கி. விதிவிலக்கு ஒன்றுதான். கம்பத்தில் நீர்த்தென்னைக் கீற்று தொங்கினால், விற்பனைக்கு இருப்பது படகு. குடியிருக்கும் வீட்டையே விற்கிறார்கள் என்று அர்த்தம். அதைப் பார்த்தால் பக்கத்துப் படகுக்காரர்கள் குரலைத் தணித்துக்கொள்வார்கள்.

மோட்டார் சைக்கிளைக் கம்பத்தில் தொங்கவிட முடியாது. கியெம் யோசித்து ஹெல்மெட்டைத் தொங்கவிட்டார்.

"கியெம் அண்ணே, தொப்பி வியாபாரத்துல எறங்கிட்டீங்களா?" என்று பக்கத்துப் படகில் தர்பூசணி விற்கும் ஹியெப் கத்தினான். "என் மண்டைக்கு ஒண்ணு அளவு பாருங்க!"

"உன் மண்டைக்குப் பானைதான் கவுக்கணும்."

ஹியெப்பாவது பரவாயில்லை, கேலி. இரண்டு பெண்கள் நிஜமாகவே படகை ஒட்டி நிறுத்தி ஹெல்மெட் விலை கேட்டார்கள். ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் பழையது என்றதும், பிறகு எதற்குத் தொங்கவிட்டிருக்கிறாய் என்று முறைத்துவிட்டுப் போனார்கள்.

கடைசியில் ஹியெப்பைத் துணைக்குக் கூப்பிட்டு, பலகை போட்டு, வண்டியையே படகின் முன்தளத்தில் ஏற்றிவிட்டார். பாலத்தில் போகிறவனுக்கும் தெரியும், ஆற்றில் போகிறவனுக்கும் தெரியும். வண்டி நிற்பது சரி, அது விற்பனைக்கு என்று எப்படித் தெரியும்? கரையில் சாய்ந்திருந்த நீர்த்தென்னையில் ஒரு கீற்றை வெட்டிவந்து வண்டியின் ஹேண்டில்பாரில் கட்டினார்.

கிழங்கு கழுவிக்கொண்டிருந்த லாய் நிமிர்ந்தாள். "கீத்தா கட்டுறீங்க?"

"வண்டிக்குத்தானே கட்டுறேன். கம்பத்துலயா கட்டுறேன்?"

அவள் கொஞ்சநேரம் கீற்றையே பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டாள்.

படகுக்குக் கட்டினால் படகு, வண்டிக்குக் கட்டினால் வண்டி, இதில் என்ன குழப்பம் என்பது கியெமின் கணக்கு. கம்பத்துக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே ஒரு முழம்கூட இடைவெளி இல்லை என்பதையும், ஆற்றில் வருகிறவன் ஹேண்டில்பாரைத் தேடிப் பார்க்கமாட்டான் என்பதையும், ஆற்றிலேயே பிறந்த அவர் அன்றைக்கு மறந்துபோனார். மறுநாளிலிருந்து ஹியெப் கேலி பேசவில்லை. அவன் மனைவி ஒரு தர்பூசணியைக் கொண்டுவந்து லாயின் கையில் கொடுத்து, ஒன்றும் கேட்காமல் போனாள். கேலிக்கு அலுத்துவிட்டது போலும் என்று கியெம் நினைத்தார்.

அந்த வாரக் கடைசியில் ஒருவன் சின்னத் தோணியில் தனியாகத் துடுப்புப் போட்டுக்கொண்டு வந்தான். நாற்பது வயது இருக்கும். பெயர் காங், தேங்காய் நார் ஏற்றுகிறவன் என்றான். படகை ஒட்டியதும் கையை நீட்டி, பக்கப் பலகையைத் தடவினான். விரல் மடக்கித் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டான். பிறகு முகத்தைச் சுளித்தான்.

"ஆணி எல்லாம் பழசு. படகுக்கு என்ன வயசு அண்ணே?"

"படகா?" கியெம் ஹேண்டில்பாரைக் காட்டினார். "படகு இல்ல தம்பி. வண்டி. கீத்து வண்டிக்குக் கட்டியிருக்கு, நல்லாப் பாரு."

காங் வண்டியைப் பார்த்தான், கம்பத்தைப் பார்த்தான். சிரிக்கவில்லை. "தூரத்துலேர்ந்து படகு மூக்குல தொங்குற மாதிரிதான் இருக்கு. கீழ்ச்சந்தையில கூட, இங்க கீத்து கட்டின படகு ஒண்ணு நிக்குதுன்னுதான் சொன்னாங்க. மன்னிச்சிக்குங்க அண்ணே, கேக்கக்கூடாதத கேட்டுட்டேன்." துடுப்பை எடுத்தான்.

ஹியெப் ஏன் வாயை மூடிக்கொண்டான், தர்பூசணி ஏன் வந்தது என்று அப்போதுதான் கியெமுக்குப் புரிந்தது. சந்தை முழுக்கத் தனக்காகத் துக்கம் அனுசரித்துக்கொண்டிருந்திருக்கிறது. அவமானத்தில் காது சுட்டது.

"தம்பி" என்று உள்ளேயிருந்து லாய் வந்தாள். "வெயில்ல வந்திருக்கீங்க. ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்க."

காங் ஏறி உட்கார்ந்து டீ குடித்தான். போன வெள்ளத்தில் பாலத்தூணில் மோதித் தன் படகு பிளந்துபோனதையும், எஞ்சின் மட்டும் தப்பியதையும் சொன்னான். "எஞ்சின் இருக்குக்கா, மாட்டத்தான் படகு இல்ல."

"எங்களுக்குப் படகு இருக்கு, எஞ்சின் இல்ல" என்றாள் லாய். காலிக் கோப்பையை வாங்கிக்கொண்டே, "வந்தது வந்துட்டீங்க. பாத்துட்டுத்தான் போங்களேன்" என்றாள்.

"ஏய், என்ன பேசுற?"

"பாக்கறதுக்குக் காசா?"

அவள் முன்னால் நடக்க, காங் தயங்கித் தயங்கிப் பின்னால் போனான். கூரைத் தகரத்தில் எங்கே ஒழுகும் என்று காட்டினாள். எந்தப் பலகை போன வருஷம் மாற்றியது, எது மாற்றவேண்டியது என்று சொன்னாள். பின்பக்கம் கசிகிற இடத்தில் கையை வைத்து ஈரத்தைக் காட்டினாள். "எங்க பொண்ணு இந்த எடத்துலதான் பொறந்தா. அதுக்குத் தனியா வெல இல்ல, சும்மா சொன்னேன்" என்றாள். தட்டுத்தடுமாறல் இல்லை, கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் கிழங்கு விற்கும்போது இப்படித்தான் பேசுவாள் போலிருக்கிறது. கியெம் ஒருநாளும் அங்கே போய்ப் பார்த்ததில்லை. ஒன்று மட்டும் அவருக்கு விளங்கியது. இது இன்றைக்குப் பிறந்த பேச்சு இல்லை. பல காலமாக மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த பேச்சு. அவருக்கு அவள்மேல் கோபம்தான் வந்திருக்கவேண்டும். வந்தது பயம்.

காங் குனிந்து அடிக்கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவளைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போனார்.

"வண்டிய விக்கறதுக்கு நீ சரின்னுதானே சொன்ன?"

"நீங்க கேக்கலியே. விக்கப்போறேன்னு சொன்னீங்க. சொன்னதுக்குச் சரின்னேன்."

"கரையில நமக்கு என்ன இருக்கு?"

"உங்களுக்கு இல்ல. எனக்கு ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு எடம் இருக்கு. நான் வர லேட்டானா பக்கத்துல சோறு விக்கிறவ குடைய விரிச்சு எடம் பிடிச்சு வெப்பா. நர்சுங்க பேர் சொல்லிக் கூப்புடுதுங்க." அவள் குரல் உயரவில்லை. "ஆடாத தரையில ஒரு ராத்திரி படுக்கணும்னு இருக்குங்க எனக்கு. பொண்ணு பொறந்ததுலேர்ந்து இருக்கு."

 அப்பா கட்டிய படகு, கரையில் போய் யாருடைய வாசலில் நிற்பது, எனக்கு வேறு என்ன தெரியும் என்று சொல்ல அவருக்கு எத்தனையோ இருந்தன. இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்திருந்தவளின் மனசில் இருந்ததை யாரோ ஒரு நார் வியாபாரி வந்தபிறகு தெரிந்துகொண்டேனே என்பதுதான் அவரை உறுத்தியது.

காங் கையைத் துடைத்தபடி நிமிர்ந்தான். "அக்கா காட்டினதெல்லாம் பாத்துட்டேன். மறைக்காம காட்டிட்டாங்க." பிறகு கியெமிடம் திரும்பி, படகு வாங்குகிற எவனும் படகுக்காரனிடம் கடைசியாகக் கேட்பதைக் கேட்டான். "வேற ஏதாச்சும் இருக்கா அண்ணே?"

இருந்தது. லாய் காட்டாதது, அவளுக்கே தெரியாதது. சில வருஷங்களுக்கு முன்பு படகைக் கரையேற்றி அடியைச் சுரண்டியபோது கியெம் பார்த்தது. அவர்கள் படுக்கும் இடத்துக்குக் கீழே அடிக்கட்டை உளுத்துப்போயிருந்தது. அன்று லாய் கரையில் கிழங்கு விற்கப் போயிருந்தாள். குங்கிலியத்தை அடைத்து, பெயிண்ட் பூசி, மேலே பலகை போட்டுப் பாயை விரித்துவிட்டார். பாரம் குறைவாக ஏற்றினால் தன் காலம் வரைக்கும் தாங்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

இல்லை என்று சொன்னால் விற்றுப்போகும். நாரும் நனைந்தால் பாரம்தான், இவன் பிள்ளைகுட்டிகளோடு ஏற்றிக்கொண்டு போவான். காட்டினால் இவன் ஓடிவிடுவான், படகு தனக்கே மிஞ்சும். ஆனால் லாயும் பார்ப்பாள். எதற்காகச் செய்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. குனிந்து பாயைச் சுருட்டினார். பலகையின் இடுக்கில் விரலை விட்டு நெம்பித் தூக்கினார்.

ஊறிய மரத்தின் நாற்றம் மேலே வந்தது. லாய்தான் முதலில் மண்டியிட்டாள். கையை உள்ளே விட்டுக் கட்டையை அழுத்தினாள். அவித்த கிழங்கில் போவது மாதிரி விரல் உள்ளே போயிற்று. எடுத்துப் பார்த்தாள். கறுத்த தூள் நகக்கண்ணெல்லாம் அப்பியிருந்தது. அதைத் துடைக்காமலே அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதுக்கா என் வண்டிய விக்க இருந்தீங்க?"

என் வண்டி என்று அவள் சொன்னது அன்றுதான் முதல் தடவை. 

காங் எழுந்து போவான் என்று நினைத்தார். அவன் போகவில்லை. சட்டையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தளத்தில் குப்புறப் படுத்து, தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டுத் துழாவினான். லாய் தன் செல்போன் விளக்கைப் போட்டு அவனுக்குக் காட்டினாள். கீழே நின்ற கொஞ்சம் தண்ணீரில் வெளிச்சம் விழுந்து மூன்று பேர் முகத்திலும் அசைந்தது.

"உளுப்பு இன்னும் போவுதா அண்ணே?"

"போவுது" என்று சொல்லிவிட்டு, கியெம் அடுத்த பலகையையும் எடுத்தார்.