ஒரு தலைக்கட்டுக்கு ஒரு பிள்ளை

மும்பை செம்பூரில் ஒரு கல்லூரியில் என் மகள் ஷாலினிக்கு பி.ஃபார்ம் சீட் கிடைத்த அன்று, தாராவியில் எங்கள் சந்து முழுக்க பேடா கொடுத்தேன். கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். திங்கட்கிழமைக்குள் முதல் வருடக் கட்டணம் கட்டாவிட்டால் சீட் அடுத்தவருக்குப் போய்விடும் என்று மறுநாளே போனில் செய்தி வந்தது. நான் ஒரு தையல் காரக்கானாவில் தாகா கட்டிங் செய்கிறவள். தைத்து வரும் சட்டைகளில் தொங்கும் நூலை வெட்டுவதுதான் வேலை. ஆயுசு முழுக்க வெட்டினாலும் அந்தக் கட்டணத்தை மொத்தமாகப் பார்க்க முடியாது.

உதவித்தொகை கேட்டு அலைந்த கதையைச் சொன்னால் உங்களுக்கும் கால் வலிக்கும். அரசாங்க ஆபீசில் இங்கத்து ரேஷன் கார்டும் இங்கத்து சாதிச் சான்றிதழும் கேட்டார்கள். எங்கள் கார்டு நாங்குநேரிப் பக்கம் மாமியார் வீட்டு பீரோவில் கிடக்கிறது. ஊரில் பேர் அழிந்துவிடக் கூடாதென்று என் புருஷன் அதை மாற்றவே விடவில்லை. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அப்படித்தான், பிழைப்பது இங்கே, பேர் இருப்பது அங்கே. சரி, அங்கேயே கேட்போம் என்று போன் போட்டால், பிள்ளை தமிழ்நாட்டில் படித்தால்தான் தருவோம் என்றார்கள். பிறந்ததிலிருந்து தாராவியை விட்டு நகராத பிள்ளை எந்த ஊர்க்காரி என்று ஒருத்தனுக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஷாலினி போனைத் தேய்த்துத் தேய்த்து ஏதேதோ டிரஸ்டுகளுக்கு எழுதிப் போட்டாள். சிலவற்றில் தேதி முடிந்திருந்தது, சிலவற்றிலிருந்து பதிலே இல்லை. ஒருவன் மட்டும் அன்பாகப் பேசி, விண்ணப்பத்துக்கென்று பணம் வாங்கிக்கொண்டு போனை அணைத்துவிட்டான். வங்கியில் அப்பாவின் சம்பளச் சீட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். மிச்சமிருந்தது ஒரு ஃபைனான்ஸ்காரன். கேட்ட அன்றே கொடுப்பான், வட்டியைக் கட்டி முடிப்பதற்குள் ஷாலினி பேரன் பேத்தி எடுத்துவிடுவாள்.

"அம்மா, ஜானே தோ, விடு. நான் மெடிக்கல் ஷாப்ல வேலைக்குப் போறேன்," என்றாள் ஷாலினி.

நான் அவளைத் திட்டிய திட்டு சந்தின் மறுமுனை வரை கேட்டிருக்கும். பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வரும்.

கடைசியாக எங்கள் ஊர்ச் சங்கத்தின் வாசலுக்குப் போனோம். தாராவியில் எங்கள் ஊர்க்காரர்கள் கட்டிய இசக்கியம்மன் கோயில் ஒன்று இருக்கிறது. வருடாவருடம் கொடைத் திருவிழா நடக்கும். கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு, தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி. வரி கட்டும் தலைக்கட்டின் பிள்ளைகளுக்குச் சங்கம் ஸ்கூல், காலேஜ் கட்டணம் கட்டும். திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. நல்ல காரியம், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

ஷாலினி மூன்றாவது படிக்கும்போது என் புருஷன் ராஜபாண்டி எங்களை விட்டுவிட்டு டோம்பிவிலிக்குப் போனான். அங்கே இன்னொருத்தியோடு குடும்பம், சொந்தமாக டயர் கடை. அந்த வருடம் வரி கட்டப் போனபோது சங்கத் தலைவர் பூலோகம் அண்ணாச்சி என் பணத்தைத் தொடவில்லை. "நீ ஒத்தையில கஷ்டப்படுத பிள்ள, ஒனக்கு வரி வேண்டாம்," என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மனுஷனின் நல்ல மனசைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த நல்ல மனசு என்ன செய்திருக்கிறது என்பது ஞாயிற்றுக்கிழமை கோயில் மாடியில் கமிட்டி கூடியபோதுதான் தெரிந்தது. பொருளாளர் மாரிசெல்வம் நோட்டைப் புரட்டினான். என்னைவிட இளையவன், என் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன்.

"அக்கா, ஒங்க பேர்ல வரியே இல்லயே."

"வேண்டாம்னு சொன்னது அண்ணாச்சிதான?"

"வரி இல்லன்னா தலைக்கட்டு இல்லல்லா. நீங்க ராஜபாண்டி அண்ணன் தலைக்கட்டுலதான் வருவிய. அவுக டோம்பிவிலில இருந்து ஒழுங்கா கட்டுதாவ. ஆனா இந்த வருசம் அவுக மகனுக்கு ஸ்கூல் பீஸ் வாங்கிட்டாவ. ஒரு தலைக்கட்டுக்கு ஒரு பிள்ளைக்குத்தான்."

என் மகளின் பங்கு டோம்பிவிலியில் எவளோ பெற்ற பிள்ளைக்குப் போயிருக்கிறது, அதுவும் முறைப்படி.

"அப்ப என் பேர்ல ஒரு தலைக்கட்டு எழுதுங்க. விட்டுப்போன வருசத்துக்கெல்லாம் சேத்து வரி கட்டுதேன்," என்றேன்.

பூலோகம் அண்ணாச்சி சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, குழந்தை எதையோ கேட்டது போன்ற சிரிப்பு. "பொம்பளையாளுக்குத் தலைக்கட்டு எழுதுத வழக்கம் நம்மகிட்ட இல்லயே பானுமதி."

"கீழ இருக்கிற இசக்கி எந்தத் தலைக்கட்டு அண்ணாச்சி? அவளுக்கு எந்தப் புருசன் வரி கட்டுதான்? கையில பிள்ளையோட ஒத்தையில நிக்கவளுக்குத்தான நீங்க எல்லாரும் சேந்து கொடை கொடுக்கிய?"

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பொதுக்குழுல வச்சிப் பேசுவோம். பங்குனி ஆகும்," என்றார். கல்லூரி பங்குனி வரை காத்திருக்குமா? அவர் காலைப் பிடித்தேன். வெட்கமெல்லாம் பார்க்கவில்லை. ஷாலினி என் தோளைப் பிடித்து இழுத்தாள், நான் விடவில்லை.

மாரிசெல்வத்துக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. "அண்ணாச்சி, கைம்பெண்ணுன்னா தலைக்கட்டுக்குப் பதிலா தனிப் புள்ளி போடலாம்லா? அது பழைய வழக்கம்தான. இன்னைக்கே எழுதிறலாம். நாலு வருசமும் சங்கமே கட்டிரும்."

"அவ புருசன் குத்துக்கல்லாட்டம் இருக்கானல."

"அவுககிட்ட ஒரு வார்த்த கேட்டுருவோம். நாளைக்குப் பிரச்சினைன்னு வந்து நிக்கக் கூடாதுல்லா."

ஒரு பெண்ணின் பேரை நோட்டில் எழுதுவதைவிட ஒரு ஆணைச் சாகடிப்பது இவர்களுக்குச் சுலபமாக இருந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். திங்கட்கிழமைக்கு ஒரு ராத்திரிதான் பாக்கி. என் பயமெல்லாம் ராஜபாண்டி மறுத்துவிடுவானோ என்பதுதான். உயிரோடு இருக்கிறவனைச் செத்தவன் என்று எழுதினால் எவன் சம்மதிப்பான்? ரோஷக்காரன் வேறு.

அண்ணாச்சி போனை மேஜைமேல் வைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டார். ஷாலினி மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அப்பா குரலைக் கேட்டு எத்தனை வருடமோ. துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள், அவன் அவளைப் பார்க்கப்போகிறான் என்பது போல.

"ராஜபாண்டி, ஒன் மூத்த மக காலேஜுக்குப் போறா. பணத்துக்குச் சங்கடம். பானுமதியக் கைம்பெண்ணுன்னு எழுதுனா நாங்க கட்டிருவோம். ஒன்ன இல்லாதவன்னு எழுதணும். நீ என்ன சொல்லுத?"

அந்தப் பக்கம் டயரில் காற்று அடிக்கிற சத்தம் கேட்டது.

"அதனால எம் மவனுக்குக் கொடுக்கத நிறுத்திருவியளா?"

"அது வேற கணக்கு. அது நிக்காது."

"நான் எதும் கட்டணுமா?"

"வேண்டாம்."

"அப்ப எழுதிக்கிடுங்க அண்ணாச்சி. கடைல ஆளு நிக்கி, வைக்கேன்."

போன் அணைந்தது. அண்ணாச்சி என்னைப் பார்க்காமல் மாரிசெல்வத்தைப் பார்த்து எழுதச் சொன்னார். காரியம் முடிந்துவிட்டது. என்ன படிக்கப்போகிறாள், எந்தக் காலேஜ் என்று அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் மகளின் பேரைக்கூடச் சொல்லவில்லை.

மாரிசெல்வம் விண்ணப்பத்தை ஷாலினியிடம் நீட்டி, தகப்பனார் பேர் எழுத வேண்டிய இடத்தைக் காட்டினான். முன்னால் ஒரு வார்த்தையை அவனே எழுதி வைத்திருந்தான். இங்கிலீஷ் மீடியத்தில் படித்த பிள்ளை, தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள்.

"கா... ல... காலஞ்சென்ற. அம்மா, அப்படின்னா என்ன?"

பெரிய மனுஷர்கள் எல்லாரும் ஜன்னலைப் பார்த்தார்கள். கடைசியில் நானே சொன்னேன், "செத்துட்டாருன்னு அர்த்தம் மக்கா."

ஷாலினி அணைந்து கிடந்த போனைப் பார்த்தாள்.

"அப்ப கரெக்ட்தான்," என்று சொல்லிவிட்டு, அதன் பக்கத்தில் ராஜபாண்டி என்று எழுதினாள்.

இத்தனை நாள் அலைச்சலில் வராத அழுகை எனக்கு அப்போது வந்தது. கல்லூரிக்குப் பணம் கிடைத்துவிட்டது, நான் அத்தனை பேர் முன்னாலும் வாய்விட்டு அழுதேன். புருஷனை நினைத்து அழுகிறேன் என்று எண்ணிக்கொண்டு, மாரிசெல்வம் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தான்.