வீடு திரும்பிய வாள்கள்

1987ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆனந்தராஜா குப்பையில் எறிந்த மரம் அரியும் கைவாள் நூற்றோராம் இலக்க பஸ் ஏறி லண்டன் மனோர் பார்க் வீட்டுக்குத் திரும்பி வந்தது. டிரைவர் டிக்கட் கேட்கவில்லை. தபால் துவாரத்தால் உள்ளே வரப் பார்த்து, செம்மஞ்சள் கைப்பிடி இடித்ததால் கதவைத் தட்டியது. திறந்த பாலாம்பிகை, கணவர் மறந்துவிட்டு வந்த சாமானாக்கும் என்று அதை மாடிப்படிக்குக் கீழே வைத்தார். அடுத்த மாதம் இன்னொன்று வந்தது.

காரணம் முந்தின ஆண்டில் கிடக்கிறது. ஆனந்தராஜாவும் தமையன் சிவானந்தனும் லண்டனுக்கு வந்த நாளிலிருந்து கட்டட வேலைத்தலங்களில் தச்சுவேலை செய்தார்கள். கோயிலடியில் மட்டும் ஆனந்தராஜா எஞ்சினியர். காலையில் டை கட்டி, கைப்பெட்டிக்குள் புட்டும் சம்பலும் வைத்துப் புறப்படுவார். டையை வேலைத்தலத்துக் கழிவறையில் கழற்றி அதே பெட்டிக்குள் போடுவார். அதனால் டை எப்போதும் சம்பல் மணந்தது. அதே வீட்டில் இருந்த சிவானந்தனோ சனிக்கிழமைகளில் முன்வாசலில் குந்தி, தன் வாளை இரண்டு பலகைக்கு நடுவில் இறுக்கி, அரத்தால் ஒவ்வொரு பல்லாக ராவுவார். சத்தம் தெருமுனைவரை போகும். யாழ்ப்பாணத்து ஆட்கள் ஒருவரைக் கண்ட ஐந்தாவது நிமிடத்தில் "ஊரிலை எந்தப் பகுதி?" என்று கேட்பது இடத்தை அறிவதற்கு மட்டுமல்ல, ஆளின் குலத்தையும் அறிவதற்குத்தான். அந்தக் கேள்விக்கு அந்த அரம் வாசலில் இருந்தே பதில் சொல்லிக்கொண்டிருந்தது. ஐந்து பவுணுக்குப் புது வாள் விற்கிற நாட்டில் இதென்ன வேலை என்று தம்பி நயமாகவும் கடுமையாகவும் சொல்லிப் பார்த்தார். அண்ணன் வாளைக் கண்ணுக்கு நேரே பிடித்து, இன்னும் நாலு பல் கிடக்கு என்றார்.

அப்படியொரு சனிக்கிழமைதான் தில்லையம்பலம் வந்தார். பெற்றோல் நிலையத்தில் காசு வாங்கிப் போடுகிறவர் என்றாலும், ஊரில் பார்த்த உத்தியோகத்தை வைத்து லண்டன் முழுவதும் அவரைத் தபால் அதிபர் என்றே அழைத்தது. எஞ்சினியரை ஊர்ச் சங்கத்து நிர்வாகசபையில் சேர்க்கும் யோசனையோடு வந்தவர், வாசலில் அரத்தோடு இருந்தவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போக வேண்டியிருந்தது.

"உவர் ஆர், தம்பி?"

"மேல் அறையிலை வாடகைக்கு இருக்கிறவர், அண்ணை."

அண்ணை என்று அழைக்கப்பட வேண்டியவர் வாசலில் இருந்து அதைக் கேட்டார். அரம் நிற்கவில்லை. மிச்சப் பல்லையும் ராவி முடித்து, அரத்தைத் துணியில் சுற்றிவைத்து, திங்கட்கிழமை லண்டனின் மறுபக்கத்தில், ரெய்னர்ஸ் லேனில் ஓர் அறை பார்த்துப் போய்விட்டார். ஆனந்தராஜா நிர்வாகசபையில் சேர்ந்தார். அதன் பிறகு, தீட்டாமல் பாவித்துவிட்டு எறியும் வாள்களையே வாங்கினார். அவை மொட்டையானதும் எறிந்தார். அவை வீட்டுக்கு வந்தன. பக்கத்து ஊரான பார்க்கிங்கில் எறிந்தது இரண்டு நாளிலும், தூரத்துக் குரொய்டனில் எறிந்தது ஒரு கிழமையிலும் வந்தது. வீட்டில் ஆள் நெருக்கம் என்று யாரோ முறையிட, கவுன்சிலில் இருந்து ஒரு பெண் வந்து எண்ணிப் பார்த்து, வாள்கள் படுக்கை பாவிப்பதில்லையாதலால் பிரச்சினையில்லை என்று எழுதிவிட்டுப் போனாள்.

1993இல் மகள் சிவகௌரிக்குக் கலியாணம் சரிவந்தது. மாப்பிள்ளை வீட்டாரிடம் தான் தனிப்பிள்ளை என்று ஆனந்தராஜா சொல்லி வைத்திருந்தார். தகப்பனுக்கு மூத்தவர் இருந்து ஆசீர்வதிக்க வேண்டிய இடம் வெறுமையாகக் கிடக்குமே என்று பாலாம்பிகை நாலு நாள் பேசாமல் இருந்தார். ஐந்தாம் நாள் ஆனந்தராஜா வாள்களில் பதினொன்றைப் பையில் போட்டுக்கொண்டு ரெய்னர்ஸ் லேனுக்குப் போனார். வெறுங்கையோடு போக வெட்கமாக இருந்தது. தீட்டித் தரச் சொல்லிக் கேட்டால், அதைச் சாட்டாக வைத்து மற்றதையும் கேட்கலாம் என்று நினைத்தார்.

சிவானந்தன் ஒன்றை எடுத்து அரத்தை வைத்தார். அரம் கண்ணாடியில் வழுக்குவதுபோல வழுக்கியது.

"உதுக்கு அரம் பிடியாது. பல்லைச் சுட்டு இறுக்கி வைச்சிருக்கிறாங்கள். தீட்டுறதுக்கெண்டு செய்யேல்லை."

"கௌரிக்குக் கலியாணம். நீங்கள் வரவேணும், அண்ணை."

"நான் ஆரெண்டு சொல்லி வைச்சிருக்கிறாய்?"

ஆனந்தராஜா கம்பளத்தைப் பார்த்தார். அதில் மரத்தூள் ஒரு துளிகூட இல்லை.

"தேத்தண்ணி ஆறுது. குடிச்சிட்டுப் போ" என்றார் சிவானந்தன்.

கலியாணம் ஈஸ்ட் ஹாமில் ஒரு மண்டபத்தில் ஆவணி ஞாயிறு நடந்தது. சிவானந்தன் வரவில்லை. முகூர்த்தத்துக்கு அரை மணி முன்பு, வீட்டில் சேர்ந்திருந்த அறுபத்தெட்டு வாள்களும் வந்து, பெண்ணின் தகப்பன் வழி உறவினருக்கென்று விட்டிருந்த மூன்று வரிசைகளில், கைப்பிடி மேலே தெரிய ஒழுங்காக அமர்ந்தன. மாப்பிள்ளை வீட்டார் எட்டிப் பார்த்து, அந்தப் பக்கமும் ஆள் காணும் என்று திருப்திப்பட்டார்கள். வீடியோக்காரர் ஒரு தடவை மெதுவாகச் சுற்றி எடுத்தார். தில்லையம்பலம் மட்டும் ஆனந்தராஜாவின் காதருகே குனிந்தார்.

"உவை ஆர், தம்பி?"

ஆனந்தராஜா அந்த வரிசைகளைத் திரும்பிப் பார்த்தார். "எங்கடை வீட்டு ஆக்கள்" என்றார்.

அதற்குள் வரவேற்பில் நின்ற பெண்பிள்ளை அந்த வரிசைகளுக்கும் வந்து, ஒன்றையும் விடாமல் பன்னீர் தெளித்துவிட்டுப் போனாள். மேளம் உச்சத்துக்குப் போயிருந்தது. பெண்ணின் தகப்பனை மணவறைக்கு வரச்சொல்லி ஐயர் இரண்டு தரம் கூப்பிட்டார். ஆனந்தராஜா முன் வரிசையில் முழந்தாளிட்டு, துருப்பிடித்துவிடும் என்று, பட்டுச் சால்வைத் தலைப்பால் ஒவ்வொரு வாளையும் துடைத்துக்கொண்டிருந்தார்.