ஐந்நூறு ரூபாய் இங்கிலீஷ்

ஏப்ரலில் ஒரகடத்துக் கம்பெனியின் பிரஸ் மெஷின் முப்பிடாதியின் வலது கையில் இரண்டு விரல்களை வாங்கிக்கொண்டது. அதோடு வேலையும் போனது. அந்தக் காலியிடத்துக்கு ஜூனில் வந்தவள் இசக்கிசெல்வி. நாங்குநேரிக்காரி, பி.ஏ. ஆங்கிலம். பக்கத்து மண்ணூரில் அவளுக்குப் பாய் விரிக்க இடம் கிடைத்ததும் முப்பிடாதியின் அறையில்தான். அடுத்தவள் விரல் போன இடத்தில் நின்று சம்பளம் வாங்குகிறோமே என்று முதல் மாதம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு இறங்கியது.

ஜூலையில் வெளிநாட்டுக்காரர்கள் ஆடிட்டுக்கு வருவதாகச் சொன்னார்கள். உடனே பாதுகாப்பு வீடியோ ஒன்று தேவைப்பட்டது, அதுவும் இங்கிலீஷில். சென்னை ஸ்டூடியோவில் குரல் கொடுக்க இருபதாயிரம் கேட்டார்கள். எச்.ஆர். மணிகண்டபிரபுவுக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. கேன்டீன் மின்விசிறியை நிறுத்தி, இசக்கிசெல்வியை உட்காரவைத்து, செல்போனிலேயே பதிவு செய்து முடித்தான். கூலி ஐந்நூறு ரூபாயும் ஒரு சிக்கன் ரைஸும். அவளுக்கோ தன் குரலைக் கேட்டுப் பெருமை தாங்கவில்லை.

இழப்பீடு கேட்டு முப்பிடாதி போட்ட மனு தொழிலாளர் துறை அதிகாரி முன்னால் விசாரணைக்கு வந்தது. ஃபைலைத் திறக்கவே வக்கீல் பாபு இருபத்தைந்தாயிரம் கேட்டதால், வக்கீல் இல்லாமலே கிளம்பினார்கள். கம்பெனிக்கு ஒரு சீனியர் வக்கீல், அவர் பையைத் தூக்க ஒருவர், தண்ணீர் பாட்டிலைத் தூக்க இன்னொருவர். முப்பிடாதிக்கு, லீவு போட்டு வந்த இசக்கிசெல்வி மட்டும்.

வக்கீல் இங்கிலீஷில் பொழிந்து தள்ளினார். கம்பெனி ஒழுங்காகத்தான் சொல்லிக்கொடுத்தது, இவள்தான் கேட்காமல் மெஷினுக்குள் கையை விட்டாள் என்பது சாரம்.

"வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே இதைப் போட்டுக் காட்டியிருக்கோம் சார்" என்று லேப்டாப்பை அதிகாரி பக்கம் திருப்பினார். பாதுகாப்பு வீடியோ ஓடியது.

முப்பிடாதி இசக்கிசெல்வியின் காதோடு கேட்டாள். "ஏட்டி, இது ஒன் கொரலுல்லா?"

"ஆமாக்கா."

"நான் வேலைல இருக்கும்போ நீ இங்க வரவே இல்லியே."

எதிரே வக்கீல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மணிகண்டபிரபு உதட்டில் விரல் வைத்துக் காட்டினான். இசக்கிசெல்விக்கு மாதாமாதம் ஊருக்கு அனுப்பும் ஆறாயிரம் நினைவுக்கு வந்தது. பயத்தோடேயே எழுந்தாள்.

"ஐயா, அந்தக் கொரல் என்னுது. அக்காவுக்கு வெரலு போனது ஏப்ரல்ல. நான் சேந்ததே ஜூன்லதான்."

கழுத்தில் கிடந்த கம்பெனி அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள். அதிகாரி சேர்ந்த தேதியைப் படித்தார். வீடியோவில் வந்ததைச் சொல்லிக் காட்டச் சொன்னார். அவள் ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னாள். சேர்ந்த விவரத்தை எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள்.

வெளியே வராந்தாவில் சீனியர் வக்கீல் மணிகண்டபிரபுவைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன்யா, ஸ்டூடியோவுல பண்றதுக்கு என்ன?"

"இருபதாயிரம் கேட்டாங்க சார்."

"இன்னிக்கு என் ஃபீஸ் எவ்ளோன்னு தெரியுமா உனக்கு?"

அந்தக் கோபத்தை மணிகண்டபிரபு இசக்கிசெல்வி மேல் திருப்பினான். "நாளைலேர்ந்து வேலைக்கு வராத. கேட்டுக்கினியா?"

முப்பிடாதி மிச்சமிருந்த மூன்று விரல்களால் அவள் கையை இறுகப் பிடித்தாள். அந்தப் பிடியில் இசக்கிசெல்விக்கு அழுகை வந்தது. ஆனால் குரல் தெளிவாகத்தான் வந்தது.

"அத எழுதித் தாங்க சார். இங்கிலீஷ்லயே தாங்க. அதையும் உள்ள போயி அதிகாரிகிட்ட வாசிச்சுக் காட்டுதேன்."

மணிகண்டபிரபு பேனாவைத் தேடினான். வேண்டாம் வேண்டாம் என்று வக்கீல் அவசரமாகத் தலையாட்டினார்.