நாற்பத்து மூன்று புழுக்கள்

கறிவேப்பிலைச் செடிகளின் அடியில் புழுக்கள் சுருண்டு கிடந்தன. இலையெல்லாம் மருந்து நாற்றம்.

"யாருண்ணே மருந்து அடிச்சது?"

"நான்தாம்மா." தோட்டக்காரர் சுப்பராயன் முகத்தில் அவ்வளவு பெருமை. "நேத்து நீ லீவுல்ல? ஒண்ணு விடாம முடிச்சிட்டேன்."

தவளக்குப்பம் தாண்டி, சுண்ணாம்பாற்றங்கரை ரிசார்ட் ஒன்றில் எனக்கு வேலை. விலங்கியல் படித்தவள் என்று பட்டாம்பூச்சித் தோட்டத்தை என்னிடம் விட்டிருந்தார்கள். 'பூச்சி பாக்கவா காலேஜ் போன?' என்று இன்றும் அப்பா கேட்கிறார். வீட்டில் வேறு யாரும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை, எனக்காகப் பேச ஆளில்லை.

ஐப்பசி மழைக்குப் பிறகு எருக்கில் ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சி வரும். கறிவேப்பிலையில் கறுப்புப் பட்டாம்பூச்சி முட்டையிடும். இருபது நாளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்க்க வருகிறார்கள். அன்றைக்குப் பட்டாம்பூச்சி பறக்காவிட்டால் தோட்டத்தை அழித்துப் புல்தரை போட்டுவிடுவேன் என்று மேனேஜர் சந்திரமோகன் சொல்லியிருந்தார். புல்தரைக்கு நான் எதற்கு?

"இது பட்டாம்பூச்சித் தோட்டம்ணே! புழுதானே பட்டாம்பூச்சி ஆவுது!" கத்திவிட்டேன்.

அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். "அப்ப எதுக்கு தெனமும் எண்ணுன?"

"என்னது?"

"எங்க கழனிக்கு அக்ரி ஆபீசர் வருவாரு. நெல்லு குத்துக்கு எத்தினி பூச்சின்னு எண்ணுவாரு, நோட்டுல எழுதுவாரு. கணக்கு தாண்டுச்சின்னா மருந்து அடின்னுவாரு. நீயும் எண்ணுன, எழுதுன. முந்தாநாளு, 'நாப்பத்தி மூணு ஆயிடுச்சி'ன்னு துள்ளுன. சரி, தாண்டிடுச்சி போலன்னு..."

நான் துள்ளியது உண்மை. எதற்கு எண்ணுகிறேன் என்று மேனேஜருக்கு இரண்டு பக்கம் இங்கிலீஷில் மெயில் எழுதினேன். அவர் படிக்கவில்லை. பக்கத்தில் மண்வெட்டியோடு நின்றவரிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கழனி வேலை செய்கிற வீட்டிலிருந்து வந்தவள்தான். அதுதான் இன்னும் எரிந்தது.

"எங்கூட்டு எலுமிச்சையிலயும் இதே புழு இருக்குதும்மா," என்றார் மெதுவாக. "புடிச்சாந்து இதுல வுட்டுடலாமா?"

"மருந்தடிச்ச செடில வுட்டா அதுவும் சாவும்ணே. கெளையோட ஒடிச்சி தண்ணில வச்சி, மேல கொசுவலை போடணும். மொதல்ல அண்ணிக்கு போனப் போடுங்க."

போட்டார். நான் பிடுங்கிப் பேசினேன். "அண்ணி, எலுமிச்சையில இருக்கிற புழுவ தொடாதீங்க!"

"ஏன்டி, அது என்ன உன் மாமியாரா?" ரஞ்சிதம் அண்ணி சிரித்தாள். "காலையிலயே கிள்ளி கோழிக்குப் போட்டுட்டனே. மேக்கெளதான் எட்டல."

அவர் மொபெட்டில் போய் இறங்கினோம். மேல்கிளையில் பச்சையாகத் தடித்துப்போய் ஆறு புழுக்கள். இன்றோ நாளையோ கூடு கட்டிவிடும். இருபது நாள் தாராளம். ஆனால் நாற்பத்து மூன்று எங்கே, ஆறு எங்கே!

நோட்டை எடுக்கக் கை தானாகப் பையைத் திறந்தது. மூடினேன்.

"ஆறு இருக்குதுண்ணே. ஆறும் பறக்கணும். அதுக்குத்தான் எண்ணுறேன்."

"இத முன்னாடியே வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன, படிச்ச புள்ள?" என்றாள் அண்ணி.

எரிச்சலாக வந்தது.

"கெளைய வளைச்சிப் புடிங்க," என்றேன்.